சபா வாசல்: டிசம்பர் கடைசி வாரக் கேள்விகள்

இந்த இதழில் சென்னையின் டிசம்பர் இசை, நாட்டிய சீசன் பற்றிய கேள்விகள் மட்டும். வந்த கடிதங்களில் பாதி, "இன்னாருடைய கச்சேரிக்கு எப்படியாவது ஒரு டிக்கெட்" என்று கேட்பவை. கச்சேரியும் நாட்டியமும் நடத்துகிற சங்கத்தைத்தான் இங்கே சபா என்பார்கள். நான் அப்படி ஒரு சபா வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழிக்கிற ஆள். கொடுக்கிற ஆள் வேறு. அந்தக் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

தென்காசியிலிருந்து ஓர் ஆசிரியை: அரையாண்டு விடுமுறைக்கு நானும் மாமியாரும் சென்னை வருகிறோம். டிசம்பர் 24 முதல் 31 வரை மயிலாப்பூரில் தங்கல். கச்சேரிப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பட்டியலை மடித்து மாமியாரின் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி, அது தவிர வேறு ஏதாவது ஒன்று. அவ்வளவு போதும். அதற்கு மேல் போனால் மூன்றாம் நாள் யார் எதைப் பாடினார் என்பதே குழம்பிவிடும். அரங்கில் உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களைப் பார்த்து இவர்களுக்கு ரசனை இல்லை என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் முந்தின நாள் மூன்று கச்சேரி கேட்டவர்கள்.

எல்லாரும் மாலைக் கச்சேரிக்கு முட்டி மோதுகிறார்கள். நான் சிபாரிசு செய்வது மதியத்தை. பெரும்பாலான சபாக்களில் பன்னிரண்டு மணிக்கும், இரண்டு மணியை ஒட்டியும் நடக்கும் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. பாடுகிறவர்கள் இளைஞர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மாதக்கணக்கில் சாதகம் செய்துவிட்டு வருகிறார்கள், ஒரு உருப்படியைக்கூட ஒப்புக்குப் பாட மாட்டார்கள். அரங்கில் கூட்டம் இருக்காது. இருப்பவர்களிலும் சிலர் பாடகரின் சித்தி, பெரியப்பா வகையறா. நீங்கள் நேராக முன் வரிசைக்குப் போய் உட்காரலாம். பாட்டின் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடுவதைச் சங்கதி என்பார்கள்; வயலின்காரர் ஒரு சங்கதியைத் திருப்பி வாசித்ததும் பாடகர் புருவத்தை உயர்த்துகிறாரே, அதுவரை தெரியும். மாலை ஏழு மணிக்கு பால்கனியில் உட்கார்ந்தால் பட்டுப்புடவையின் நிறம் மட்டும்தான் தெரியும்.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்று. மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணியை ஒட்டி விளக்கவுரைகள் நடக்கும். சபா வட்டாரத்தில் 'லெக்டெம்' என்பார்கள். ஒருவர் ஒரு ராகத்தையோ தாளத்தையோ ஒரு வாக்கேயக்காரரையோ (பாட்டையும் மெட்டையும் தாமே இயற்றியவர்) எடுத்துக்கொண்டு பேசியும் பாடியும் காட்டுவார். முடிந்ததும் மூத்த வித்வான்கள் எழுந்து கருத்துச் சொல்வார்கள். சில நாள் அந்தக் கருத்துதான் அன்றைய கச்சேரியே. இதற்கும் டிக்கெட் வேண்டாம்.

ஒரு நாள் பகலில் எழும்பூர் அருங்காட்சியகம் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, கவனம். 1851-ல் தொடங்கிய இடம், முழுதாகப் பார்க்க ஒரு நாள் போதாது. நேராகச் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போய்விடுங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் இருக்கிறார். முந்தின நாள் ஒரு பரதநாட்டியம் பார்த்துவிட்டு இவர்கள் முன் நின்றால், இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்பதற்கும் கை மடங்குவதற்கும் கணக்கு புரியும். நாட்டியத்துக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கியது. இப்போதிருக்கும் வளாகத்துக்குப் பிற்காலத்தில்தான் குடிவந்தது. கேரளக் கூத்தம்பலத்தின் பாணியில் கட்டிய அரங்கம், சுற்றிலும் மரங்கள். டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் அங்கே விழா நடக்கும், தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கலாம்.

ஒரு மாலையைக் காலியாக விடுங்கள். கபாலீசுவரர் கோயில், மாட வீதி, குளத்தைச் சுற்றி ஒரு நடை. கிழக்கு மாட வீதியில் பாரதீய வித்யா பவன் வாசலில் போர்டைப் பாருங்கள், பிடித்திருந்தால் உள்ளே போங்கள், இல்லாவிட்டால் காபி. மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆட்டோக்காரர் சுற்றிப் போனால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள்.

மாமியாருக்கு ஒரு சால்வை கட்டாயம். மார்கழிக் குளிர் ஒன்றும் செய்யாது, சபா ஏசிதான் ஆளைக் கொல்லும்.

விழுப்புரம் கல்லூரி மாணவர்: ஏன் எல்லாக் கச்சேரியும் டிசம்பரிலேயே? வருஷம் முழுக்கப் பிரித்து வைக்கக் கூடாதா?

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடத்தினார்கள். அதன் விளைவாக 1928-ல் பிறந்தது மியூசிக் அகாடமி. ஆண்டுதோறும் டிசம்பரில் மாநாடு என்பது அப்படி ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸை ஒட்டி கோர்ட்டுக்கு லீவு என்பதும் வசதி. சபாக்களை நடத்தியவர்களில் வக்கீல்கள் நிறைய. மார்கழி பக்தி மாதம் என்பது பழைய விஷயம்தான், ஆனால் இந்த சீசனைக் கொண்டுவந்தது ஆண்டாள் இல்லை, காங்கிரஸ்.

பிரித்து வைக்கலாம்தான். ஜூலையில் அரங்கத்தை நிரப்புவது யார் என்று சொல்லுங்கள்.

மதுரை ரசிகர்: சென்னையில் உட்கார்ந்துகொண்டு மூன்று மணி நேரமும் தெலுங்கு கேட்க வேண்டுமா?

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். 1943-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதே இதற்காகத்தான். கல்கியும் ராஜாஜியும் ரசிகமணி டி.கே.சி.யும் அந்தப் பக்கம் நின்றார்கள். கல்கி எழுதியதையெல்லாம் படித்தால் இன்றைக்கும் சிலருக்குக் காது சிவக்கும்.

ஆனால் அந்தச் சண்டையில் பிறந்த சங்கத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? உயர் நீதிமன்றத்துக்கு அருகே, பாரிமுனையில், ராஜா அண்ணாமலை மன்றம். மெட்ரோ ரயில் வாசலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. டிசம்பர் இருபது தேதிக்கு மேல் விழா. மாலையில் தமிழ்ப் பாட்டுக் கச்சேரிகள், பகலில் பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டம். தேவாரப் பண்களை ஓதுவார்கள் பாடிக் காட்ட, அது இன்றைய எந்த ராகம் என்று அறிஞர்கள் அங்கேயே வாதாடுவார்கள். தமிழ் வேண்டும் என்று கேட்பவர்கள் மயிலாப்பூர் சபா வாசலில் நின்று என்னிடம் கேட்கிறார்கள். பாரிமுனைக்கு யாரும் போவதில்லை.

மற்றபடி, தியாகராஜர் தெலுங்கில் எழுதினார், பிறந்தது திருவாரூரில். தமிழில் பாட்டு இயற்றிய முத்துத்தாண்டவரையும் கோபாலகிருஷ்ண பாரதியையும் பாபநாசம் சிவனையும் கடைசிப் பத்து நிமிஷத் துக்கடாவுக்கு (சின்னப் பாட்டுகளுக்கு) தள்ளாமல் கச்சேரியின் மெயின் பாட்டாக எடுத்துப் பாடுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் கச்சேரிக்குக் கூட்டம் வந்தால் மற்றவர்களும் பாடுவார்கள்.

ஈரோடு, ஜவுளிக் கடை வைத்திருப்பவர்: ராகம் தெரியாதவன் வந்தால் என்ன கிடைக்கும்?

ராகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதலில் ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். பிறகு ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடியும் தட்டு, வீச்சு. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் தொடையில் போட்டுக்கொண்டே இருப்பார், அவரைப் பார்த்துப் போடுங்கள். இரண்டு பாட்டுக்குள் கை பழகிவிடும். ஸ்வரம் பாடி முடித்துப் பாடகர் சரியாகப் பல்லவியின் முதல் சொல்லில் வந்து விழும்போது உங்கள் கையும் அங்கே வந்து நின்றால், அரங்கம் ஏன் 'ஆகா' என்றது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து ஆளிடம் "இது என்ன ராகம்?" என்று கேட்கலாம், தப்பில்லை. பாட்டின் நடுவில் மட்டும் கேட்காதீர்கள்.

அம்பத்தூர் வாசகி: உண்மையைச் சொல்லுங்கள். கூட்டம் கச்சேரிக்கா, கேன்டீனுக்கா?

இரண்டுக்கும். கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லை, அதனால் வெளியில் கொஞ்சம் அதிகம் இருக்கலாம். மதியம் இலைச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போங்கள். வாழைப்பூ வடை ஆறினால் ஒன்றுமில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தாய்: என் மகள் பத்து வருஷம் பரதம் படித்தவள். ஒரு சபாவில் மேடை தருகிறோம், இவ்வளவு 'நன்கொடை' என்கிறார்கள். கொடுப்பதா?

வேண்டாம் அம்மா. இது ரகசியமும் இல்லை, புதிதும் இல்லை. மூத்த நாட்டியக் கலைஞர்களே பத்திரிகையில் எழுதிப் பேசி அலுத்துவிட்டார்கள். வெளிநாட்டு முகவரி என்றால் தொகை ஒரு படி ஏறும்.

அவர்கள் சொல்லும் நியாயமும் எனக்குத் தெரியும். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, மின்சாரம், இளைஞர் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வசூல் பூஜ்யம். சரி, ஆனால் அந்தப் பணத்துக்கு உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது என்ன? ஒரு வேலைநாள் மதியம், காலி அரங்கம், ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. அதுவும் நட்டுவாங்கம் (ஜதி சொல்லித் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாருக்கும் சம்பளம் உங்கள் கையிலிருந்து. ஆடுகிறவளே எல்லாருக்கும் படியளக்கிறாள். அதே செலவில் அவளை இங்கே ஒரு மாதம் தங்க வையுங்கள். காலையில் ஒரு நல்ல ஆசிரியரிடம் வகுப்பு, மாலையில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கட்டும். கிருஷ்ண கான சபாவில் 1981 முதல் நாட்டிய கலா மாநாடு நடக்கிறது. அங்கே உட்கார்ந்து கேட்டால் போதும், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. மேடை வேண்டும் என்றால் பணம் கேட்காமல் விண்ணப்பம் வாங்கி, வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இடங்களும் ஊரில் உண்டு. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சி, மிருதங்கம் படிக்கும் பையன்: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறார்களே, உங்களுக்குக் கோபம் வராதா?

வரும் தம்பி. பாட்டு நின்று மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற கட்டம் அது. கதவைத் திறந்து விடுவதே நான்தான். 1966-ல் பாலக்காடு மணி ஐயருக்கு அகாடமி தன் பெரிய விருதான சங்கீத கலாநிதி கொடுத்தது, மிருதங்கத்துக்கு அதுதான் முதல் தடவை. அதற்கப்புறமும் இந்தப் பழக்கம் போகவில்லை. சில பாடகர்கள் இப்போது தனியை முன்கூட்டியே வைக்கிறார்கள், எழுந்து போவதற்கு நேரம் தெரியாமல் கொஞ்சம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல தந்திரம்.

வியாசர்பாடி வாசகர்: கலை விழா என்றால் மயிலாப்பூரும் தி.நகரும்தானா? வடசென்னைக்காரனுக்கு என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்பது நியாயம். டிசம்பர் வரைபடத்தை விரித்தால் ஒரு சில தெருக்களுக்குள் முக்கால்வாசி முடிந்துவிடும். உங்களுக்கு நான் சொல்வது டிசம்பரை விட்டுவிட்டுப் பொங்கல் வாரம். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் சில வருஷங்களோடு நின்றுபோய், 2023-ல் அரசு விழாவாகத் திரும்ப வந்தது. பூங்காவிலும் திடலிலும் பறையாட்டம், தேவராட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம் எல்லாம் நடக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. தென் மாவட்டத்து ஆட்டக்காரர்களை ஊர்க் கோயில் கொடை விழா நேரத்தில் தேடிப் போய்ப் பார்க்க முடியாதவர்கள் இங்கே பார்க்கலாம். ஒரு குறை: ஒவ்வொரு குழுவுக்கும் கிடைக்கும் நேரம் கொஞ்சம். விடிய விடிய நடக்கும் கூத்தை நறுக்கி நறுக்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே வாரத்தை ஒட்டி நந்தனத்தில் புத்தகக் காட்சியும் இருக்கும், 1977-லிருந்து நடப்பது. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

2015-ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் வீடுகளுக்கு நடுவே ஒரு விழா தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் பரதமும் ஒரே மேடையில். அது ஏன் உங்கள் பக்கத்திலும் வரவில்லை என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

அண்ணா நகர் வாசகர்: அதே டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழாவும் வருகிறதே?

படமா பாட்டா என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தபால்காரர்: எங்கள் பக்கத்து நாயனக்காரர்களை, நாதஸ்வர வித்வான்களை, சென்னை சபாக்களில் காணவே முடியவில்லையே?

இருக்கிறார்கள் ஐயா, வாசலில். தொடக்க விழாவுக்கு மங்கல இசை என்று போடுவார்கள். அவர் வாசிக்கும்போது விருந்தினர்கள் வந்துகொண்டிருப்பார்கள், செயலாளர் கைகுலுக்கிக்கொண்டிருப்பார், மைக்செட்காரர் ஒயரை இழுத்துக்கொண்டிருப்பார். டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை எடுத்தால் ஊரே உட்கார்ந்து கேட்ட வாத்தியம் அது. ஷேக் சின்ன மௌலானா சாகிப்புக்கு 1998-ல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். கௌரவம் கொடுப்பதில் குறையில்லை, மாலை ஏழு மணியைக் கொடுப்பதில்தான் கை வராது. அந்த வாத்தியத்துக்கு மூடிய அரங்கம் சின்னது, சத்தம் தாங்காது என்பார்கள். மைக்கை எடுத்துவிட்டால் தாங்கும். நானே எங்கள் சபாக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று குறித்துக்கொண்டார்கள்.

நீங்கள் சென்னை வந்தால் தொடக்க நாளில் அறிவிப்பில் போட்டிருக்கும் நேரத்துக்கே வந்துவிடுங்கள். பேச்சு ஆரம்பிக்கும் வரை நாயனம்தான். முன் வரிசையில் விருந்தினருக்கு என்று துண்டு போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டு உட்காருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.