எதிரிக்கு எதிரி தோழனா? – கேள்வி பதில்

ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நிற்கும் இஸ்லாமிய இயக்கங்களை உலக இடதுசாரிகள் எப்படி அணுகுவது என்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கோபமாக வந்தவற்றை மட்டும் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் தோழர். ஹமாஸ், ஹிஸ்புல்லா மாதிரி இயக்கங்களை இடதுசாரிகள் ஆதரிக்க வேண்டுமா, வேண்டாமா?

ஆக்கிரமிக்கப்பட்ட மக்களுக்கு எதிர்த்துப் போராடும் உரிமை உண்டு. தலைமையில் யார் இருக்கிறார் என்று பார்த்து அந்த உரிமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதனால் ஆக்கிரமிப்பு தோற்க வேண்டும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் அந்தத் தலைமை நாளைக்கு எப்படி ஆளப்போகிறது, தன் ஊர்த் தொழிற்சங்கத்தையும் பெண்களையும் மாற்றுக் கருத்துக்காரர்களையும் என்ன செய்கிறது என்பதற்கெல்லாம் சேர்த்து நான் ஏன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்? எந்த இயக்கத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது ஒன்றைத்தான்: அந்த ஊரில் நம் தோழர்கள் என்ன ஆனார்கள்?

கேள்வி: இதற்கு லெனின் காலத்திலேயே விடை சொல்லியாகிவிட்டது இல்லையா? பாகு மாநாட்டில் புனிதப் போர் என்றே அறைகூவல் விட்டார்களே?

பாதி சரி. 1920இல் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டில் லெனின் வைத்த தேசிய, காலனியப் பிரச்சினை பற்றிய ஆய்வுரை மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறது. காலனி நாடுகளின் விடுதலை இயக்கங்களுக்கு உதவ வேண்டும். மதகுருமாரின் செல்வாக்கையும், உலக முஸ்லிம்களை ஒரே அணியாகத் திரட்டும் அகில இஸ்லாமியவாதத்தையும் எதிர்க்க வேண்டும். தற்காலிகக் கூட்டு வைக்கலாம், ஆனால் அதில் கரைந்துவிடக் கூடாது. கருவடிவில் இருந்தாலும் தொழிலாளர் இயக்கம் தனியாக நிற்க வேண்டும். நம் ஆட்களில் ஒரு சாரார் முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள், இன்னொரு சாரார் இரண்டாவதை. மூன்றாவதுதான் கஷ்டமானது, அதனால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜானின் பாகு நகரில் கிழக்கு நாட்டு மக்களின் மாநாடு. கிட்டத்தட்ட 1,900 பேர் வந்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு எதிராகப் புனிதப் போர் என்று அகிலத்தின் தலைவர் ஜினோவியேவ் முழங்கியதும் அரங்கமெங்கும் வாள்களும் கைத்துப்பாக்கிகளும் உயர்ந்தன. எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்தக் காட்சியைத்தான். அதே மேடையில் துருக்கியிலிருந்து வந்த நாஜியே ஹனும் என்ற பெண் பேசியது அவ்வளவாக வெளியே வருவதில்லை. முக்காடில்லாமல் தெருவில் நடப்பது மட்டும்தான் எங்கள் போராட்டம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, சம உரிமை, கல்வி, பலதார மணத்துக்கு முடிவு, அரசு வேலைகளில் இடம் என்று வரிசையாக அடுக்கினார் அவர். 1920இல்!

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். மாநாடு முடிந்த கையோடு அதே பாகுவில் துருக்கிக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. தலைவர் முஸ்தஃபா சுப்ஹி. அவரும் தோழர்களும் கட்சி வேலைக்காகத் துருக்கியின் அனத்தோலியாவுக்குப் போனார்கள். 1921 ஜனவரிக் கடைசியில் திரப்சோன் துறைமுகத்தில் சுப்ஹியையும் 14 பேரையும் படகில் ஏற்றி, கருங்கடலில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். அப்போது அங்காராவில் மேற்கத்திய வல்லரசுகளை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தது முஸ்தஃபா கெமாலின் அரசு. கொலை நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 16ஆம் தேதி மாஸ்கோ அந்த அரசோடு நட்பு ஒப்பந்தம் போட்டது. அதே தேதியில் லண்டனில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம். ஆசியாவில் பிரிட்டனுக்கு எதிரான பிரசாரத்தை நிறுத்துவதாக அதில் ஒரு வாக்குறுதி. வாளை உயர்த்தி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

கெமால் மதவாதி இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் ஆள் கொல்லப்பட்ட பிறகும் அந்த ஊர் அரசோடு கைகுலுக்கும் இந்த வியாதிக்கு மதம் தேவைப்படுவதில்லை.

கேள்வி: ஈரான் இடதுசாரிகள் மதத் தலைவர் கொமெய்னியிடம் ஏமாந்தது வெறும் முட்டாள்தனமா?

முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி, நாம் புத்திசாலிகள் ஆகிவிடுவோம். 1953இல் பிரதமர் மொசாதேக்கின் அரசை அமெரிக்காவும் பிரிட்டனும் கவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மன்னர் ஷாவின் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள். 1978 இறுதியில் எண்ணெய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம்தான் ஷாவின் முதுகெலும்பை முறித்தது. தொழிற்சாலைகளில் ஷூரா என்ற தொழிலாளர் மன்றங்கள் முளைத்தன. அந்தப் புரட்சியில் இறங்காமல் ஒதுங்கி நின்றிருந்தால்தான் தவறு.

சறுக்கல் புரட்சி வென்ற பிறகு தொடங்கியது. 1979 மார்ச் 8, மகளிர் தினம். அலுவலகம் போகும் பெண்கள் முக்காடு போட வேண்டும் என்று கொமெய்னி சொன்னது முந்தைய நாள். ஆயிரக்கணக்கான பெண்கள் டெஹ்ரான் தெருவில் இறங்கினார்கள். இடதுசாரி அமைப்புகளில் பெரும்பாலானவை கூடவே போகவில்லை. இப்போது இதை எடுத்தால் ஏகாதிபத்தியத்துக்கு லாபம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பொதுவான போக்கு. நவம்பரில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்ததும் கதை முடிந்தது. அதை ஆதரித்த அரசை எதிர்ப்பவன் யாராயிருந்தாலும் அவன் அமெரிக்க ஏஜென்ட். ஈரானின் கம்யூனிஸ்ட் கட்சியான தூதே அந்த அளவுகோலை முழுசாக ஏற்றுக்கொண்டது. மற்ற இடதுசாரிகள் வேட்டையாடப்பட்டபோதும் அரசின் பக்கமே நின்றது.

1983இல் முறை தூதேவுக்கு வந்தது. கட்சி தடைசெய்யப்பட்டது, தலைவர் கியானூரியைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 1988இல் சிறைகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். இடதுசாரிக் கைதிகளை விசாரணைக் குழு முன் நிறுத்திக் கேட்ட கேள்விகள் இப்படித்தான் இருந்தன: நீ முஸ்லிமா? தொழுகிறாயா? சில நிமிஷங்களில் உயிர் போகும் கேள்விகள்.

ஓர் அரசை அதன் வெளியுறவுக் கொள்கையை மட்டும் வைத்து எடைபோட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

கேள்வி: நீங்கள் சொல்வதைக் கேட்டால் அமெரிக்க டிவி கேட்கிற மாதிரி இருக்கிறது. குண்டு விழும்போது இந்தக் கணக்கெல்லாம் தேவையா? நீங்கள் யார் பக்கம்?

குண்டு போடுகிறவனுக்கு எதிர்ப்பக்கம். இதில் "ஆனால்" கிடையாது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானைத் தாக்கியதை நான் ஒரு நிமிஷம்கூட நியாயப்படுத்தவில்லை.

அந்தப் போரிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். ஜூன் 23 அன்று இஸ்ரேல் டெஹ்ரானின் எவின் சிறையைத் தாக்கியது. அரசை எதிர்த்தவர்களை அடைத்துவைக்கும் சிறை அது. 71 பேர் இறந்ததாக ஈரான் நீதித்துறை அறிவித்தது. கைதிகள், பார்க்க வந்த குடும்பத்தினர், ஊழியர்கள் எல்லோரும் அதில் உண்டு. விடுதலை செய்ய வந்ததாகச் சொன்னவனின் குண்டு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர் தலையில் விழுந்தது. அந்தக் கைதியின் பக்கம் நிற்க வேண்டுமானால், குண்டு போட்டவனைத் திட்டவும் வேண்டும், கதவைப் பூட்டியவனைக் கேட்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை நான் விட்டால் அவருக்குத்தான் துரோகம்.

கேள்வி: நான் தொழுகை விடாதவன், இடதுசாரியும்கூட. லத்தீன் அமெரிக்கப் பாதிரியார்கள் ஏழைகளுக்காகப் பேசும் விடுதலை இறையியல் என்றால் கைதட்டுகிறீர்கள். இஸ்லாம் என்றதும் முகம் மாறிவிடுகிறதே, ஏன்?

இந்தக் குறை நியாயமானது. பதில் சொல்லத் தொடங்கும்போதே தலை குனிந்துதான் தொடங்க வேண்டும்.

ஜாவாவில் ஹாஜி மிஸ்பாக் என்று ஒருவர் இருந்தார். சிவப்பு ஹாஜி என்றே பெயர். முதலாளித்துவம் சைத்தானின் வேலை என்று பிரசங்கம் செய்தவர். டச்சு அரசு அவரை 1924இல் மனோக்வாரிக்கு நாடு கடத்தியது, அங்கேயே 1926இல் இறந்தார். அதே இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தான் மலாக்கா 1922இல் மாஸ்கோவில் நடந்த மூன்றாம் அகிலத்தின் நான்காம் மாநாட்டில் எழுந்து, அகில இஸ்லாமியவாதத்தை எதிர்ப்போம் என்று நீங்கள் எழுதிவைத்ததை எதிரிகள் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய், "கம்யூனிஸ்டுகள் உங்கள் மதத்தை அழிக்க வருகிறார்கள்" என்று எங்களை அடிக்கிறார்கள் என்று புலம்பினார். இன்றைக்கு எங்கள் மக்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் விடுதலைப் போராட்டம்தான் என்றும் சொன்னார்.

ஆக, உங்கள் நம்பிக்கையை யாரும் சோதனை போட வேண்டியதில்லை. ஒரு கட்சியின் வேலைத்திட்டத்தைச் சோதிப்பது வேறு வேலை. முஸ்லிம் தோழரைச் சந்தேகிப்பதும், முஸ்லிம் என்பதாலேயே ஒரு கட்சியை விமர்சிக்காமல் விடுவதும், இரண்டுமே அவரைச் சமமானவராக நடத்தாததுதான்.

கேள்வி: ஐஎஸ், தாலிபான், ஹமாஸ் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஹிஸ்புல்லா 1982இல் இஸ்ரேல் லெபனான் மீது நடத்திய படையெடுப்பிலிருந்து பிறந்தது. ஹமாஸ் 1987இல் தொடங்கிய பாலஸ்தீன மக்கள் எழுச்சியான இன்டிஃபாதாவில். ஐஎஸ் இந்த இரண்டையுமே எதிரிகளாகப் பார்த்தது. ஒரே மூட்டையில் கட்டினால் தூக்குவது சுலபம், அவ்வளவுதான்.

கேள்வி: லெபனானில் எதிர்ப்பைத் தொடங்கியதே இடதுசாரிகள் என்கிறார்கள். பிறகு ஏன் ஹிஸ்புல்லா கைக்குப் போனது?

1982 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜார்ஜ் ஹாவியும் மற்ற இடதுசாரிகளும் சேர்ந்து தேசிய எதிர்ப்பு முன்னணியை அறிவித்தார்கள். ஆக்கிரமிப்புப் படைகளுக்குத் துணைநின்ற தளபதி லஹாதை 1988இல் சுட்ட சுஹா பெஷாரா கம்யூனிஸ்ட்தான். கியாம் சிறையில் பத்து ஆண்டுகள் கிடந்தார். ஈரானும் சிரியாவும் ஹிஸ்புல்லா பக்கம் இருந்தன, நம்மவர்களுக்கு சோவியத் ஒன்றியமே சரிந்துகொண்டிருந்தது. அப்புறம் துப்பாக்கி. ஈராக்கின் நஜஃபில் மதக் கல்வி படித்து மார்க்சியரான முதியவர் ஹுசைன் முருவ்வே 1987 பிப்ரவரியில் தன் வீட்டிலேயே சுடப்பட்டார். மே மாதம் மார்க்சியச் சிந்தனையாளர் மஹ்தி ஆமில், பெய்ரூட் தெருவில். ஷியா இஸ்லாமிய ஆயுதக் குழுக்கள் மீதுதான் பரவலாகப் பழி விழுந்தது.

2000ஆம் ஆண்டு மே மாதம் இஸ்ரேல் தெற்கு லெபனானை விட்டு ஓடியதில் பெரும்பங்கு ஹிஸ்புல்லாவுடையது. அதை மறுப்பது அற்பத்தனம். 2019 அக்டோபரில் பெய்ரூட்டில் ஊழலுக்கு எதிராகக் கூடாரம் போட்டிருந்த இளைஞர்களை ஹிஸ்புல்லா, அமல் கட்சிகளின் ஆதரவாளர்கள் அடித்து விரட்டியதும் நடந்ததுதான்.

கேள்வி: அக்டோபர் 7 பற்றி மழுப்பாமல் சொல்வீர்களா?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையில் இஸ்ரேல் மீது நடந்த தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். சுமார் 250 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். இசைவிழாவுக்கு வந்தவர்களையும் வீட்டிலிருந்த குடும்பங்களையும் கொல்வது குற்றம். இஸ்ரேல் காஸாவில் பல்லாயிரம் பேரைக் கொன்று, பட்டினி போட்டது அதைவிடப் பன்மடங்கு பெரிய குற்றம். முதல் வாக்கியத்தைச் சொன்னால் இரண்டாவது பலவீனமாகிவிடும் என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காஸா மக்களின் நியாயம் அவ்வளவு நோஞ்சான் இல்லை.

கேள்வி: தேர்தல் கூட்டணி வைக்கலாமா அண்ணா? ஊர்வலத்தில் சேர்ந்து நடக்கலாமா?

ஊர்வலத்தில் தாராளமாக நடக்கலாம், சொந்தப் பதாகையோடு. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக லண்டனில் பள்ளிவாசல்காரர்களும் இடதுசாரிகளும் ஒன்றாக நடந்ததில் என்ன தவறு?

கூட்டணி என்றால் ஈராக்கைப் பாருங்கள். 2018இல் கம்யூனிஸ்ட் கட்சி ஷியா மதகுரு முக்ததா சத்ரின் இயக்கத்தோடு சேர்ந்து சாயிரூன் அணியில் நின்றது. 54 இடங்களோடு அந்த அணி முதலிடம். 2019 அக்டோபரில் இளைஞர்கள் வேலையும் நேர்மையான ஆட்சியும் கேட்டுக் கிளர்ந்தபோது கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். 2020 தொடக்கத்தில் சத்ரின் நீலத் தொப்பிக்காரர்கள் அந்த இளைஞர்களையே தாக்கினார்கள். வெளியே வரும் வாசல் எங்கே என்று பார்த்துவைத்துவிட்டு உள்ளே போனதுதான் கட்சியைக் காப்பாற்றியது.

கேள்வி: எந்த இயக்கத்துக்கும் ஜாமீன் போட மாட்டேன் என்றால், உருப்படியாக என்னதான் செய்வது?

2023 அக்டோபர் நடுவில் பாலஸ்தீனத் தொழிற்சங்கங்கள் உலகத் தொழிலாளர்களிடம் நேரடியாக ஒன்று கேட்டன: இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதங்களைத் தொடாதீர்கள். பெல்ஜியத்தின் போக்குவரத்துச் சங்கங்கள் அதற்குச் செவிசாய்த்தன, பார்சிலோனா துறைமுகத் தொழிலாளர்களும் செவிசாய்த்தார்கள். 2025 ஜூனில் பிரான்சின் ஃபோஸ் துறைமுகத்தில் இயந்திரத் துப்பாக்கித் தோட்டாக்களைக் கோக்கும் இணைப்புகள் இருந்த பெட்டி ஒன்று இஸ்ரேலுக்குப் போக வந்தது. தொழிலாளர்கள் அதைக் கண்டுபிடித்து ஓரமாக எடுத்துவைத்துவிட்டார்கள். கப்பல் அது இல்லாமலே கிளம்பியது.