நண்டு முதுகுல வெள்ளையா ஒட்டிட்டு இருக்கு, வாங்கலாமா?

கேள்வி: கடல் நண்டு ஒரு கிலோ வாங்கினேங்க. ரெண்டு நண்டு முதுகுல சுண்ணாம்புக் கட்டி மாதிரி கெட்டியா ஒட்டியிருந்துச்சு, ஒன்னுக்கு வயித்து மடிப்புக்கு கீழ மஞ்சளா பை மாதிரி ஒன்னு. கேட்டா "அது சினைங்க, நல்ல நண்டு"ன்னாரு கடைக்காரர். வீட்ல வந்து ஓட்டைத் திறந்தா செவுள்லயும் குட்டி குட்டியா காம்போட என்னமோ இருக்கு. பயந்துபோய் எல்லாத்தையும் கொட்டிட்டேன். தப்பு பண்ணிட்டேனா?

பதில்: பாதிக்கு மேல வீணா கொட்டிட்டீங்க.

முதுகுல இருந்தது பார்னக்கிள், கப்பல் அடியில பாறையில எல்லாம் ஒட்டுமே அந்த வகை. அது நண்டைத் தின்னாது, தண்ணியில மிதந்து வர்றத வடிகட்டித் தின்னும், நண்டு சும்மா அதுக்கு வண்டி. நண்டு ஓடு கழட்டும்போது அதுவும் கூடவே போயிடும், அப்போ முதுகு நிறைய இருக்குன்னா ஓடு கழட்டி நாளாச்சுன்னு அர்த்தம், அப்படிப்பட்ட நண்டுல பொதுவா சதை நிறைஞ்சிருக்கும். புதுசா ஓடு மாத்தினது பளபளன்னு இருக்கும் ஆனா உள்ள தண்ணி. பளபளப்பு பாத்து பொறுக்குறவங்கதான் ஏமாறுறாங்க (நானும் ரொம்ப நாள் அப்படித்தான்). ஒரே நஷ்டம் என்னன்னா பார்னக்கிள் எடைக்கும் சேத்து காசு குடுக்குறீங்க.

செவுள்ல இருந்ததும் அதே குடும்பம்தான், ஆக்டோலாஸ்மிஸ்னு பேரு. ரொம்ப அதிகமானா நண்டுக்கு மூச்சுவிட கஷ்டம், நமக்கு ஒன்னுமில்ல, செவுளை எப்படியும் பிச்சுப் போடத்தானே போறோம்.

அந்த மஞ்சள் பைதான் விஷயம். சினைன்னா மணி மணியா கொத்தா இருக்கும், கையில தொட்டா ரவை மாதிரி தெரியும். வழுவழுன்னு ஒரே பையா மடிப்பு நடுவுல ஒரு இடத்துல மட்டும் ஒட்டியிருந்தா அது சாக்குலினாவா இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் பார்னக்கிள் சொந்தம்தான், ஆனா இது நிஜமான ஒட்டுண்ணி, வேர் மாதிரி உடம்பு முழுக்க பரவி நண்டை மலடாக்கிடும், ஆண் நண்டுக்குக்கூட வயித்து மடிப்பு பெண் நண்டு மாதிரி அகலமாயிடும்னா பாத்துக்கோங்க. மனுஷனுக்கு அது தொத்தாது, ஆனா அந்த நண்டுக்கு முழு விலை குடுக்க வேண்டியதில்ல. அதோட, நிஜமாவே சினையா இருந்தாலும் அது பெருமையா சொல்ற விஷயமில்ல, நிறைய இடத்துல சினை நண்டு பிடிக்கவே தடை இருக்கு.

கறுப்பு மிளகு மாதிரி புள்ளி ஓட்டுல இருந்தா? சில குளிர்கடல் நண்டுல அது கடல்ல வாழுற லீச் வகை அட்டையோட முட்டை, அந்த அட்டை நண்டு ரத்தத்தைக் குடிக்கிறதில்ல, முட்டை வைக்க கெட்டியா ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்.

அடுத்த தடவ எடை போடுறதுக்கு முன்னாடியே ஒவ்வொன்னா கவுத்துப் பாத்துடுங்க, பை இருக்கறத தள்ளி வைக்கச் சொல்லுங்க. சைசுக்கு கனமா இருக்கா, அடிப்பக்கம் அமுக்கினா கெட்டியா இருக்கா, வாடை வருதான்னு பாருங்க. கெட்ட வாடை வந்தா மட்டும் யோசிக்காம திருப்பிக் குடுத்துடுங்க.