கடிவாளம் போதுமா, கயிறு வேண்டுமா?

கேள்வி: அரசுத் துறைகள் நினைத்தபோதெல்லாம் விதிகளை மாற்றுகின்றன. ‘இத்தனை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம்’ என்று சட்டமன்றமே கடிவாளம் போட்டால் என்ன?

பதில்: கடிவாளமா? நீங்கள் மென்மையானவர். தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறிய லோக்ரி நகரில் கயிறே போட்டார்களாம், கழுத்தில். புதுச் சட்டம் வேண்டும் என்பவர் சுருக்கை மாட்டிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். சபை ஏற்றால் உயிரோடு வீடு திரும்பலாம். ஏற்காவிட்டால் இழுத்துவிடுவார்கள். ஏதென்ஸ் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் சொன்ன கதை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒரே ஒரு புதுச் சட்டம்தான் வந்ததாம்!

அதைக் கொண்டுவந்தவருக்கு ஒற்றைக் கண். கண்ணுக்குக் கண் என்பது ஊர்ச் சட்டம். எதிரி ஒருவன், ‘உன் கண்ணைப் பிடுங்குவேன், எனக்கு ஒன்றுதானே போகும்’ என்று மிரட்டியிருக்கிறான். ஒற்றைக் கண்ணரைக் குருடாக்கியவன் தன் இரண்டு கண்களையும் இழக்க வேண்டும் என்று இவர் திருத்தம் கேட்டார். கயிறு இறுகவில்லை. உங்கள் கடிவாளம் அன்று இருந்திருந்தால், ‘அடுத்த திருத்தம் மூன்றாண்டு கழித்து, அதுவரை கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பியிருப்பார்கள்.

எத்தனை முறை என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. மாற்றும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்ததே சட்டமியற்றுபவர்கள்தாம். இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டம், 21ஆவது பிரிவைப் பாருங்கள்: விதி செய்யும் அதிகாரத்திலேயே அதைத் திருத்தவும் நீக்கவுமான அதிகாரம் அடக்கம். ஆனால் செய்தபோது என்ன நடைமுறையோ, மாற்றும்போதும் அதே நடைமுறை. பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

அமெரிக்காவில் 1996இல் ஒரு சட்டம் வந்தது. துறை போட்ட ஒரு விதியை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிராகரித்து, அந்த நிராகரிப்பு சட்டமாகிவிட்டால், ஏறத்தாழ அதே விதியைத் துறை மறுபடி கொண்டுவர முடியாது, புதுச் சட்டம் அனுமதித்தாலொழிய. அங்கும் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. அதற்கும் முன்பு, 1983இல், கார்களில் காற்றுப்பையோ தானியங்கி இருக்கைப் பட்டையோ வேண்டும் என்ற விதியைத் துறை கைவிட்டது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சுமார் 60 அறிவிப்புகளில் அந்த விதி போடப்பட்டு, திருத்தப்பட்டு, நீக்கப்பட்டு, திரும்பப் போடப்பட்டு, மறுபடி நீக்கப்பட்டிருந்தது! ‘இனி மாற்றாதே’ என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ஏன் நீக்கினாய் என்பதற்கு ஒழுங்கான காரணம் சொல் என்றார்கள். 60 அறிவிப்பு எழுதிய கைக்கு அதுதான் சிரமம்.

பிரிட்டனில் தொழில்துறைக்கான புது விதிகளை ஏப்ரல் 6, அக்டோபர் 1 என்ற இரண்டே நாட்களில் அமலுக்குக் கொண்டுவரும் வழக்கம் ஏற்படுத்தினார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு. என் பழைய புலம்பலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்: ‘மூன்றாம் வரியில் இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல்’ என்று மட்டும் அறிவிக்கும் திருத்தங்களைத் தடை செய்யுங்கள். முழு விதியையும் திருத்திய வடிவில் அச்சடிக்கட்டும். இதை எழுதும்போதெல்லாம் ஒரு வழக்கறிஞர் கோபித்துக்கொண்டு கடிதம் போடுவார். போடட்டும், அவர் பிழைப்பே அதில்தான்.

சரி, எண்ணிக்கைக்கே வரம்பு போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். விதி அசையாது. சுற்றறிக்கை வரும், அதற்கு விளக்கம் வரும், கடைசியில் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று ஒன்று வரும். கேள்வியும் அவர்களே, பதிலும் அவர்களே. எனக்காவது நீங்கள் கேள்வி அனுப்புகிறீர்கள்.