எலி பார்த்திராத வைரஸ்

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஹீமோபிலியா பி (ரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய்). இதற்கான மரபணு சிகிச்சையை எலி, நாய், குரங்கு என்று எல்லாவற்றிலும் சோதித்தும் மனிதர்களில் சிக்கல் வந்ததாகப் படித்தேன். அப்புறம் விலங்குச் சோதனை எதற்கு, டாக்டர்?
– வாசகி, கரூர்

பதில்: அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பிறவியிலேயே ஹீமோபிலியா உள்ள நாய்களை வளர்க்கிறார்கள். ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 9 புரதத்தின் மரபணுவை ஏஏவி என்ற வைரஸின் புரதக் கூட்டுக்குள் வைத்துக் கல்லீரலுக்கு அனுப்பியதும் ஹீமோபிலியா பி நாய்களுக்கு ரத்தக்கசிவு குறைந்தது. பலன் ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்த நம்பிக்கையில் மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. அதிக டோஸ் பெற்ற ஒருவருக்கு ஃபேக்டர் அளவு, இயல்பான அளவில் 10 சதவீதத்தைத் தாண்டியது. முழங்காலில் ரத்தம் கட்டி வீங்கும் பிள்ளையைப் பார்த்த உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் சுமார் 4 வாரத்தில் ரத்தத்தில் கல்லீரல் என்சைம்கள் ஏறின, அதாவது கல்லீரல் செல்கள் சேதமாவதன் அறிகுறி. ஃபேக்டர் பழையபடி இறங்கிவிட்டது.

வினை அந்தக் கூட்டால் வந்தது. ஏஏவி நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்துபோயிருக்கும். அதை நினைவில் வைத்திருந்த டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்), கூட்டின் துணுக்கைக் கண்டதும் கல்லீரல் செல்களையே அழித்தன என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். சுத்தமான கூண்டில் வளர்ந்த எலி இந்த வைரஸைப் பார்த்ததே இல்லை. சரி, முன்கூட்டியே பழக்கிவிட்டால்? அதையும் செய்தார்கள். எலிக்கு டி செல்கள் உருவாயின, ஆனால் கல்லீரலை அவை விட்டுவிட்டன. அந்த டி செல்களை வெளியே எடுத்துப் பெருக்கி வேறு எலிகளுக்குச் செலுத்திய பிறகுதான் மனிதரில் கண்டது எலியிலும் தெரிந்தது.

குரங்குக்கு ஏஏவி இயற்கையாகவே வரும். ஏற்கெனவே அந்த வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் உள்ள குரங்குக்கு ஊசி போட்டால் மருந்து கல்லீரலுக்குள் நுழைவதே கடினம் என்று அது காட்டிக்கொடுத்தது. அதனால், ‘விலங்குகளில் பாதுகாப்பானது’ என்று யாராவது சொன்னால், எந்த விலங்கு, அதற்கு முன்பே ஆன்டிபாடி இருந்ததா என்று நான் கேட்பேன். கல்லீரல் தாக்குதலுக்கு வழி மனிதரிடமிருந்தே கிடைத்தது: 2011-இல் வெளியான லண்டன் ஆய்வில், என்சைம் ஏறியதும் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுத்து ஃபேக்டரைக் காப்பாற்றினார்கள்.

பையனை எந்த ஆய்விலும் சேர்ப்பதற்கு முன் ஏஏவி ஆன்டிபாடி பரிசோதனை பற்றிக் கேளுங்கள், கல்லீரல் நிலையையும் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் லென்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸைக் கொண்டு செய்த மரபணு சிகிச்சை, வேறொரு ஃபேக்டர் குறைவால் வரும் ஹீமோபிலியா ஏ-வுக்கானது, அவனுக்குப் பொருந்தாது.