நரம்பின் தூண்டுதல் இல்லாமலேயே இரத்த நாளங்கள் சுருங்கி விரிவது எப்படி?

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கும்போது, அவர்கள் அதிகம் தடுமாறக் காண்பது இந்தக் கேள்வியில்தான். குழாய்க்குள் அழுத்தம் கூடினால் அது விரியும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். 1902-இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் வில்லியம் பேய்லிஸ் விவரித்ததோ இதற்கு நேர்மாறானது: நரம்புத் தொடர்பை நீக்கிய பின்பும், உள்ளழுத்தம் உயர்ந்தபோது நாளம் சுருங்கியது, தாழ்ந்தபோது தளர்ந்தது.

இதற்கான கருவி, மிகச் சிறிய தமனிகளான நுண்தமனிகளின் சுவரிலுள்ள வரியற்ற தசைச் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. சுவர் இழுபடும்போது செல் சவ்வின் மின்னழுத்த வேறுபாடு குறைகிறது. அதனால் திறக்கும் வாயில்கள் வழியே நுழையும் கால்சியம், கால்மோடுலின் என்னும் புரதத்துடன் சேர்ந்து, தசையைச் சுருக்கும் புரதமான மயோசினில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியை முடுக்குவதால் தசை சுருங்குகிறது. சீரான ஓட்டத்தில் இரத்தத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே ஓட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் இரத்தம் பெரிதும் மாறாதிருப்பதில் இச்சுருக்கத்துக்கு முக்கியப் பங்குண்டு.

ஆனால் தசை மட்டும் இருந்திருந்தால், நாளம் மேலும் மேலும் இறுகும் அபாயம் இருந்திருக்கும். அதை எதிர்ப்பது உட்சுவரில் ஒற்றை அடுக்காக அமைந்த எண்டோதீலியம். வெறும் உள்ளுறை என்று நெடுங்காலம் கருதப்பட்ட இதன் பங்கை 1980-இல் ராபர்ட் பர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் வெளிப்படுத்தினர்: முயலின் பெருந்தமனித் துண்டில் இவ்வடுக்கு சிதையாமல் இருந்தால் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் தசையைத் தளர்த்தியது, சுரண்டி எடுத்துவிட்டால் தளர்த்தவில்லை. தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு சாதாரண வாயு இவ்வேலையைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஓடும் இரத்தம் சுவரை உரசும் விசை கூடக்கூட இதன் உற்பத்தியும் கூடுகிறது. இது தசைக்குள் சென்று சைக்ளிக் ஜிஎம்பி என்னும் செய்தி கடத்தும் மூலக்கூறைப் பெருக்கி, ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிக்குக் கை கொடுக்கிறது. ஆக, அழுத்தம் இறுக்குகிறது, ஓட்டம் தளர்த்துகிறது. எந்நேரமும் நிலவும் இறுக்கம் இவ்விரண்டின் இழுபறியில் அமைவதே.

இதன்மேல் திசுக்களின் தேவையும் சேர்கிறது. உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறைந்து, ஆற்றல் செலவாகும்போது உருவாகும் அடினோசினும், பொட்டாசியமும் பெருகும்போது அங்குள்ள நுண்தமனிகள் விரிகின்றன. நுரையீரல் மட்டும் விதிவிலக்கு: காற்று சரியாகச் சேராத பகுதியில் அதன் நாளங்கள் சுருங்கி, காற்றுள்ள பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன.