செத்த தண்ணீர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நம் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை லாபம்தான் தீர்மானிக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் பொறியாளன், எனக்கு இது மிகையாகப் படுகிறது. தேவை இல்லாத பொருளை எந்த நிறுவனத்தாலும் விற்க முடியாது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடங்களுக்கு முன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் மாட்டினோம். டிடிஎஸ் 180இலிருந்து 15க்கு இறங்கிவிட்டது. நானே மீட்டர் வைத்து அளந்தேன். அம்மா மட்டும் அதைச் 'செத்த தண்ணீர்' என்று சொல்லிவிட்டு, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி மண்பானையில் ஊற்றிக் குடிக்கிறார். அவருக்குப் பழைய பழக்கம். உங்களுக்கும் அதே ஏக்கம்தானோ? எல்லோரும் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போக வேண்டும் என்கிறீர்களா?

சு.,
பாளையங்கோட்டை

அன்புள்ள சு.,

குடம் தூக்கச் சொல்லவில்லை. எனக்கே இடுப்புவலி.

உங்கள் கடிதத்தில் 'அளந்தேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எதை அளந்தீர்கள்? டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் கணக்கு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் குழாயில் வந்தது 180. மூன்று வருடங்களாக இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு வருகிறீர்கள். நோய் இருக்கிறது என்று சொன்னது, மருந்து விற்றவர் கையிலிருந்த மீட்டர்.

அந்த இயந்திரத்தின் பூர்வீகம் கடல். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து போன சௌரிராஜனும் சேர்ந்து, உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் கடத்தும் சவ்வைச் செய்தார்கள். 1965இல் கோலிங்கா என்ற ஊரில், குடிக்க முடியாத உவர்நீரை அதைக்கொண்டு குடிநீராக்கினார்கள். அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் மாவட்டத்திலேயே ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் வாயில் வைக்க முடியாத கிணறுகள் உண்டு. அந்த வீடுகளில் ஆர்.ஓ. மாட்டினால் நான் வாய் திறக்க மாட்டேன். கடலுக்காகப் பிறந்த சாமான் பொதிகையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி ஆற்றின் கரையில் வீட்டுக்கு வீடு எப்படித் தொங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

எப்படி என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டவுனில் என் அண்ணன் வீட்டுக்கு விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். கழுத்தில் டை; பாவம், சித்திரை வெயில். இரண்டு தம்ளர் கேட்டார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் தான் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பழுப்பாகி, சாக்கடைபோல அழுக்குத் திரண்டது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிந்து நின்றது. "இதைத்தானம்மா பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறீர்கள்" என்றார். மதினிக்கு முகம் செத்துவிட்டது.

நான் அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, தெளிந்து நின்ற தம்ளரில் போட்டேன். இப்போது கம்பியை விடுங்கள் என்றேன். அதுவும் பழுப்பாகியது. அழுக்கு தண்ணீரில் இல்லை. கம்பியில் இருந்த இரும்பு கரைந்து துருவாகத் திரள்கிறது. உப்பு கொஞ்சமாவது இருந்தால்தான் மின்சாரம் பாயும், பாய்ந்தால்தான் இரும்பு கரையும். "சார், நீங்கள் சயின்ஸ் வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு அவர் கருவியைப் பைக்குள் வைத்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. மாத இலக்கு என்ற கத்தி அவர் கழுத்திலும் இருந்தது.

மதினி அந்த இயந்திரத்தை வாங்கினார். எதிர்வீட்டில் வாங்கிவிட்டார்களாம்.

பிறகு மெம்பிரேன் மாற்ற வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம். அண்ணன் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டிய ஒப்பந்தப் பணம் இயந்திரத்தின் விலையைத் தொட்டிருந்தது. குடிக்கும் தண்ணீரைவிட அதிகமான தண்ணீர் ஒரு வெள்ளைக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போயிற்று. இப்போது மதினி அதை வாளியில் பிடித்துப் பாத்திரம் தேய்க்கிறார். தெருவில் எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்யும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தயாரிப்பாளர்களின் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் ஊர்க் கடைகளில் விற்பனை நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

'தேவை இல்லாத பொருளை விற்க முடியாது' என்கிறீர்கள். தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. நம் தண்ணீருக்கு நிஜமாகவே ஒரு நோய் உண்டு: சாக்கடை. நெல்லை மாநகரின் கழிவு எங்கெங்கே ஆற்றில் கலக்கிறது என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் மீட்டரை அந்தச் சாக்கடைக் கிருமிகளுக்கு நடுவே முக்கினாலும் அது உப்பைத்தான் எண்ணும். கிருமியை அதற்குத் தெரியாது. ஆர்.ஓ. சவ்வு கிருமியையும் தடுக்கும், உண்மைதான். ஆனால் அதற்குக் கொதிக்க வைத்தாலே போதும். உங்கள் அம்மா அதைத்தான் செய்கிறார். வீட்டில் சரியான பொறியாளர் அவர்.

சாக்கடையைச் சுத்திகரித்து ஆற்றில் விடுவதும், குழாயில் குளோரின் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஊருக்கே ஒரே தடவையில் தீர்வு தரும் வேலைகள். அவற்றை வீட்டுக்கு ஒன்றாகத் தவணையில் விற்க முடியாது. அதனால் அவற்றுக்கு விளம்பரமும் இல்லை, டை கட்டிய பையனும் வரமாட்டான். ஒரே பயத்துக்கு இரண்டு பதில்கள் இருக்கும்போது, வருடா வருடம் பணம் தரும் பதில்தான் சுவரில் ஏறுகிறது. லாபம் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் எழுதியது இதைத்தான்.

இதில் என்னை அதிகம் வருத்துவது பணமல்ல. எங்கள் தெருவில் குழாயில் கலங்கல் வந்தால், முன்பெல்லாம் தலைமையாசிரியர் வீட்டம்மாவும் வங்கி மேலாளரும் பீடி சுற்றும் ஆச்சியும் ஒன்றாகப் போய்க் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பார்கள். மேலாளர் மனு எழுதுவார், ஆச்சி ஏசுவார், இரண்டும் தேவைப்பட்டது. இப்போது மனு எழுதத் தெரிந்தவர்கள் வீட்டில் எல்லாம் இயந்திரம். ஆச்சி மட்டும் போகிறார். அவர் ஏச்சுக்கு மட்டும் யார் பதில் சொல்வார்கள்?

இதே ஆற்றுத் தண்ணீர் கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைக்கு ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று போனது உங்களுக்கு நினைவிருக்கும். லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியானது. அப்போது தெருவில் இறங்கிக் கத்தியவர்களில் நானும் ஒருவன். கத்திவிட்டு வரும் வழியில், கடையில் இருபது ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தாகம். ஆகவே உங்களைக் குறைசொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை.

தாமிரபரணித் தண்ணீரால்தான் நம் அல்வாவுக்கு அந்த ருசி என்று வெளியூர்க்காரர்களிடம் நாம் எல்லோரும் அளப்போம். அதை அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த ருசியைச் சவ்வில் வடிகட்டிச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். உங்கள் அம்மாவின் நாக்கு பழக்கத்துக்கு அடிமை இல்லை சு., உப்பு காணாமல் போனதை அது சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

ஒரு காரியம் செய்யுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். உங்கள் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோய், டிடிஎஸ் வேண்டாம், கிருமிச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். வீட்டுப் பாட்டிலில் பிடித்தால் கணக்கு தப்பும். முடிவு மோசமாக வந்தால் மனுவை நீங்கள் எழுதுங்கள், ஏசுவதற்கு எங்கள் ஆச்சியை அனுப்பிவைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.