எங்கள் சபை நலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஞாயிறு ஆராதனைக் கூட்டத்தையும் காணிக்கைத் தொகையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரத்தில் வரும் சர்தை சபைக்கு உயிருள்ள சபை என்ற பெயர் இருந்தது. ஆண்டவரோ அதைச் செத்தது என்றார். ஆதிச் சபை உறுதியாகப் பற்றிக்கொண்டவை என்று அப்போஸ்தலர் 2:42 நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோன்னியம் (ஒருவரோடொருவர் நெருங்கிய உறவு), அப்பம் பிட்குதல், ஜெபம். நம் சபைகள் பெரும்பாலும் சறுக்குவது அந்நியோன்னியத்தில்தான் என்பது என் கருத்து.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று பாருங்கள். புதிதாக வந்தவர், அவரிடம் யாரும் பெயர்கூடக் கேட்காத நிலையில், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாரா? அப்புறம் சபைப் பதிவேட்டை எடுத்து, 6 மாதமாக வராத குடும்பங்களைக் குறியுங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தபோதுதான், படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டிக்கு மாதக்கணக்கில் யாரும் திருவிருந்து (இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பமும் திராட்சரசமும்) கொண்டுபோகவில்லை என்று தெரிந்தது. நெஞ்சு கனத்துவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடாமல், மிகவும் பலவீனமானதை முதலில் எடுங்கள். வராத வீடுகளுக்கு ஆயர் மட்டும் போனால் போதாது. தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பெடுக்கட்டும். கமிட்டிக்குள் பணத்தகராறு இருந்தால், வரவு செலவை மாதாமாதம் சபையார் முன் வாசியுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.